தான் விட்ட மூச்சிலேயே ஓடிய எஞ்சின்: எர்ணாவூரில் ஒரு பகல்

கோயில், மலை, அருவி என்று போகிறவர்களுக்கு இந்த வலைப்பூவில் பெரிதாக எதுவும் கிடைக்காது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். நான் எஞ்சின் பார்க்கப் போகிறவள். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. இரண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். "ஊர்ல பொம்பளைங்க புடவை பாக்கப் போவாங்க, நீ புகை பாக்கப் போறே" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். இந்த முறை புகையே வெளியே விடாத டீசல் எஞ்சின் என்றதும் அவரே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சொன்னது தேன்மொழி. கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் எனக்கு அறைத்தோழி. எர்ணாவூரில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, கடலுக்கடியில் ஓடும் வண்டிகளுக்கான எஞ்சின் ஒன்றை ஐந்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள். போன பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் போன் வந்தது. "வெள்ளிக்கிழமை ஓட்டறோம்டி. வாங்கறதுக்கு ஆள் வராங்க. ரெண்டு மணி நேரம் வெளிக்காத்தே இல்லாம ஓடினா எஞ்சினையும் எடுத்துப்பாங்க, என்னையும் எங்க மெக்கானிக் பாயையும் வேலைக்கு எடுத்துப்பாங்க. ஓடலைன்னா மாசக் கடைசில ஷெட்டைக் காலி பண்ணணும். நீ வரியா?"

இதுமாதிரி ஒரு அழைப்புக்கு வரமாட்டேன் என்று சொல்ல என்னால் முடியுமா? வியாழக்கிழமை இரவு ரயிலுக்குத் தட்கலில் ஸ்லீப்பர் எடுத்தேன். காலையில் சென்னை சென்ட்ரல்.

சென்ட்ரலிலிருந்து எர்ணாவூருக்கு இரண்டு வழி. மெட்ரோவில் ஏறினால் விம்கோ நகர் வரை ஏசியில் போகலாம். நான் பக்கத்திலிருக்கும் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்தேன். டிக்கெட் பத்து ரூபாய்க்குள்தான். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று நின்று நின்று போனது. காலை நேரத்தில் எதிர்த்திசையில் போகிறவர்களுக்கு ஜன்னலோர இருக்கை கிடைக்கும். வழியெல்லாம் கன்டெய்னர்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் தறிக்கூடத்துக்கு இருக்கும் இடம் இங்கே பெட்டிகளுக்கு.

விம்கோ நகரில் இறங்கி ஆட்டோவிடம் ஷெட் இருக்கும் தெருவைச் சொன்னேன். இரண்டு கிலோமீட்டர். எண்பது கேட்டார், அறுபதுக்குப் படிந்தது.

"இன்னாமா, அந்தாண்ட கம்பெனிங்கதான் கீது. வேலைக்கு வந்துகினியா?"

"இல்லீங்க, எஞ்சின் பாக்கக் கோயமுத்தூர்ல இருந்து வந்தேன்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். "எஞ்சின் பாக்க கோயமுத்தூர்ல இருந்தா? சோக்கா கீதுமா உன் கத" என்றார். அதற்குள் முன்னால் ஒரு டிரெய்லர் குறுக்கே திரும்ப, அவர் கவனம் அதன் டிரைவரைத் திட்டுவதற்குப் போய்விட்டது. அந்த வசவுகளை இங்கே எழுத முடியாது, ஆனால் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஷெட் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. தகரக் கூரை. ஒரு பக்கம் லாரி டயர் கடை, மறுபக்கம் பூட்டிய கிடங்கு. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் கதவுத் தாழ்ப்பாள் முழுக்கத் துரு. தேன்மொழி வாசலிலேயே நின்றிருந்தாள். கட்டிப்பிடித்தவள் உடனே விலகி, "கை ஜில்லுன்னு இருக்குல்ல? காலைலேர்ந்து இப்படித்தான்" என்றாள். பரீட்சை நாட்களிலும் அவளுக்குக் கை இப்படித்தான் சில்லிட்டுப் போகும்.

எஞ்சினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் படித்தீர்கள்.

டீசல் எரியக் காற்று வேண்டும். தண்ணீருக்கடியில் காற்று கிடையாது. அதனால் கடலடியில் குழாய்களைச் சோதிக்கும் ஆளில்லா வண்டிகள் பேட்டரியில் ஓடுகின்றன. பேட்டரி தீர்ந்தால் மேலே வந்துதான் ஆகவேண்டும். அதே இடத்தில் டீசலை வைத்தால் பல மடங்கு நேரம் ஓட்டலாம். காற்றுக்கு என்ன செய்வது? எஞ்சின் விடும் புகையையே பிடித்து மறுபடி கொடுப்பதுதான் வழி. புகையைக் கடல்தண்ணீர் ஓடும் குழாயில் குளிரவைத்து, அதிலிருக்கும் நீரைப் பிரித்தெடுத்து, கரியமில வாயுவைக் காரக் கரைசல் தெளிக்கும் ஒரு தொட்டியில் கழுவிவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் வாயுவில் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் சேர்த்தால் எஞ்சினுக்குச் சாப்பாடு தயார். கூடவே கொஞ்சம் ஆர்கான், வெல்டிங் பட்டறையில் பார்த்திருப்பீர்களே, அதுதான். கரியமில வாயு மிஞ்சிப்போனால், எஞ்சினுக்குள் வாயுவை அமுக்கும்போது போதுமான சூடு ஏறாது, டீசல் பற்றிக்கொள்ளாது. ஆர்கான் சட்டென்று சூடேறி அந்தக் குறையை ஈடுகட்டும்.

காகிதத்தில் படிக்க இது எளிது. நேரில் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஒரு மீன்பிடி விசைப்படகின் பழைய இரட்டை சிலிண்டர் எஞ்சின், அதைச் சுற்றி முழங்கை முழங்கையாகக் குழாய்கள், ஆளுயரத்தில் இரண்டு ஸ்டீல் தொட்டிகள். ஓர் ஓரத்தில் ஜெனரேட்டர். அது கொடுக்கும் மின்சாரத்தைச் செலவழிக்க, பலகையில் வரிசை வரிசையாகக் குண்டு பல்புகள். வெளியே போகும் புகைக்குழாய் மட்டும் எங்கேயும் இல்லை. நான் பழக்கதோஷத்தில் கூரையைப் பார்த்துத் தேடினேன்.

"எல்லாரும் மேலதான் பாப்பாங்க" என்று சிரித்தார் கரீம் பாய்.

கரீம் பாய்க்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தண்டையார்பேட்டைக்காரர். காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர், பழுது பார்க்கவென்றே படகுகளோடு கடலுக்கும் போனவர். இந்த எஞ்சினை வாங்கும்போது கூடவே வந்தவர் அப்படியே இங்கே நின்றுவிட்டார். அன்று புத்தம்புது நீலச் சட்டையும் பேண்ட்டும் போட்டிருந்தார். தேன்மொழி வாங்கிக் கொடுத்தது. காலர் கழுத்தை அறுக்கிறது போலிருக்கிறது, அடிக்கடி விரலை விட்டுத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"இது இன்னான்னு நெனச்ச மேடம்? வுட்ட மூச்சியே திருப்பி இஸ்துக்கினு ஓடும். மொத தபா பாத்தப்போ நானே மெர்சலாயிட்டேன். இது இன்னாடா, மூக்க பொத்திக்கினு ஓட்றா மாதிரி கீதேன்னு."

முதல் தொட்டியில் இருக்கும் கரைசலுக்கு அவர் வைத்த பெயர் சோப்புத் தண்ணி. விரலில் பட்டால் வழவழக்கும், தோலையும் தின்னும். ஒரு மணி நேரம் போல ஓடியதும் அந்தச் சோப்புத் தண்ணிக்குச் சக்தி போய்விடும். அப்போது ஒரு சக்கரத்தைத் திருப்பி வாயுவை இரண்டாம் தொட்டிக்கு மாற்ற வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்வார்கள். மாற்றும் அந்தக் கொஞ்ச நேரத்தில் எஞ்சின் திணறும், பல்புகள் மங்கும், பிறகு தானே சரியாகிவிடும். சக்கரம் பழசு, இறுக்கம். பாய் முதலில் அதை எதிர்ப்பக்கம் லேசாக அசைத்துக்கொண்டு, அப்புறம் இரண்டு கையாலும் ஒரே இழுப்பில் திருப்புவாராம். தேன்மொழி கணினித் திரையைப் பார்த்து ஆக்சிஜனைக் கவனிப்பாள். அத்தனை சோதனை ஓட்டத்திலும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

அன்றைக்கு அவள் இதை மாற்றினாள்.

"பாய், இன்னிக்குச் சக்கரத்தை நான் திருப்பறேன். நீங்க சும்மா நில்லுங்க. ஆளில்லாம ஓடற வண்டிக்கு எஞ்சின் கேக்கறாங்க. ரெண்டு பேர் நின்னு அதைத் தாலாட்டறதைப் பாத்தா என்ன நெனைப்பாங்க? திரையைப் புரோகிராமே பாத்துக்கும்."

சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் சரியென்றே பட்டது. "நா எங்க நிக்கட்டும்?" என்று மட்டும் கேட்டார் பாய். இடம் எங்கே இருந்தது? எஞ்சினின் இந்தப் பக்கம், வெளிக்காற்று உள்ளே போகும் வால்வுக்குப் பக்கத்தில்தான் ஆள் நிற்க முடியும். அங்கே நிறுத்தினாள். என்னையும் அவர் பக்கத்தில் நிறுத்தி, போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னாள்.

பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். வெளிமாநிலத்து நிறுவனம், பெயர் வேண்டாம். தலைமை வகித்து வந்தவர் நரைத்த தலை, மென்மையான குரல், தமிழை நிதானமாகப் பேசினார். எஞ்சினைச் சுற்றி வந்து உட்கார்ந்து பார்த்தார், குழாய்களைத் தொட்டுப் பார்த்தார், நல்ல கேள்விகளாகக் கேட்டார். இந்த மனுஷனுக்கு எஞ்சின் பிடிக்கும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அதுதான் பின்னால் இன்னும் வலித்தது.

எஞ்சினை வெளிக்காற்றில் ஓட்டிச் சூடேற்றினார்கள். பிறகு காற்று வால்வை மூடினார்கள். வந்தவர்களில் ஒருவர் அதன் கைப்பிடியில் மஞ்சள் பிளாஸ்டிக் சீல் ஒன்றை மாட்டி இறுக்கினார். கன்டெய்னர் கதவுகளில் தொங்குமே, அதே வகை. இரண்டு மணி நேரம் முடியும்போது அந்தச் சீல் அப்படியே இருக்க வேண்டும், பல்புகள் எரிய வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். ஒரு மணிக்கு முன்னால் எல்லாம் முடிந்தால் பாய் ஜும்மா தொழுகைக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டுத்தான் தேன்மொழி நேரம் குறித்திருந்தாள்.

வால்வு மூடியதும் எஞ்சின் சத்தம் மாறியது. கனமாக, கொஞ்சம் அடைத்த தொண்டையில் பேசுவதுபோல. ஆனால் ஓடியது. வெளியே ஒரு பொட்டுப் புகை இல்லை. ஷெட்டுக்குள் டீசல் வாசனை கூட இல்லை. ஒரு எஞ்சின் தன் புகையையே கழுவிக் கழுவிக் குடித்து இருபது பல்புகளை எரித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்க என்ன இருக்கிறது? நரைத்த தலைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மருமகளின் சமையலை ருசி பார்க்கும் மாமனார் மாதிரி தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் அப்படியே ஓடியது. பிறகு தேன்மொழி சக்கரத்திடம் போனாள்.

"இப்ப தொட்டி மாத்தறேன் சார். எஞ்சின் ஒரு அரை நிமிஷம் கொஞ்சம் திணறும், அப்புறம் சரியாயிடும்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுத் திருப்பினாள். பாதி திரும்பியது. நின்றுவிட்டது. அவள் உடம்பின் எடையைக் கொடுத்து இழுத்தாள். அசையவில்லை. எதிர்ப்பக்கம் அசைத்துவிட்டு இழுக்க வேண்டும் என்பது மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

எஞ்சின் திணற ஆரம்பித்தது. வாயுவுக்கு முதல் தொட்டியும் முழுதாகத் திறக்கவில்லை, இரண்டாவதும் திறக்கவில்லை. பல்புகள் ஆரஞ்சு நிறமாகி, பழுத்து, கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிகிற அளவுக்கு இறங்கின. சத்தம் தக்... தக்... என்று இடைவெளி விட்டது. உள்ளே போன டீசல் முழுசாக எரியாமல் போகும் அந்தச் சத்தம் எஞ்சின் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். நானும் மனசுக்குள் திற, திற, காற்றைத் திற என்றுதான் கத்தினேன். அதை மறைத்து எழுதினால் பாய்க்குச் செய்யும் துரோகம்.

என் பக்கத்தில் ஒரு கை நீண்டது. மஞ்சள் பிளாஸ்டிக் பட்டென்று தெறித்தது. வால்வு திறந்து, எஞ்சின் ஹூவென்று ஒரு பெருமூச்சை இழுத்து, பல்புகள் எல்லாம் பளீரென்று எரிந்தன.

அதே நொடியில் தேன்மொழியின் கையில் சக்கரமும் திரும்பிவிட்டது.

எஞ்சின் மட்டும் ஒன்றுமே நடக்காததுபோல் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. பாய் தன் கையைப் பார்த்தார். உடைந்த சீல் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. "யா அல்லா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

படகு மெக்கானிக்கின் பழக்கம் அது. கரை தெரியாத கடலில் எஞ்சின் திணறினால் முதல் வேலையாகக் காற்று வடிகட்டியைக் கழற்றி எறிவார்கள். மூச்சு விடவைத்துவிட்டு அப்புறம்தான் காரணம் தேடுவார்கள். முப்பது வருஷம் அதைச் செய்த கை. இந்த ஷெட்டில் எஞ்சின் திணறிய ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு கைகளும் சக்கரத்தில் இருந்தன, அதனால் யாருக்கும் இது தெரியாமலே போயிற்று. அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சும்மா இருந்தன.

நரைத்த தலைக்காரர் கோபப்படவில்லை. "அவர் செய்தது எனக்குப் புரிகிறது. நானும் கப்பலில் இருந்தவன்தான்" என்றார். ஆனால் கடலடியில் ஓர் ஆள் கை நீட்டிக் காற்றுத் திறக்க முடியாது, தொட்டி மாற்றும்போது எஞ்சின் தாங்கவில்லை என்றுதான் தன்னால் எழுத முடியும் என்றார். இன்னொரு முறை பார்க்கக் கேட்டாள் தேன்மொழி. இந்த வருஷத்து முடிவு திங்கட்கிழமை கூட்டத்தில் எடுக்கப்படுகிறது, தாங்கள் மூன்று மணி விமானத்துக்குப் போகவேண்டும் என்றார். டீ கொண்டுவந்து வைத்திருந்தோம். மூன்று பேரும் மரியாதைக்குக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பாய் தொழுகைக்குப் போனார். போகும்போது புதுச் சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய தன் பழைய சட்டையை மாட்டிக்கொண்டார். நானும் தேன்மொழியும் தரையில் உட்கார்ந்திருந்தோம். திருவொற்றியூரிலிருந்து வாங்கிவந்த சாம்பார் சாதப் பொட்டலங்களை அவிழ்த்தோம். அவள் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

"சக்கரம் மாட்டிக்கிச்சுடி" என்றாள்.

"பாத்தேன்."

"எதிர்ப்பக்கம் ஆட்டிட்டு இழுக்கணும்னு எனக்குத் தெரியும். ஆயிரம் தடவை பாத்திருக்கேன். நான் சரியா திருப்பியிருந்தா அந்த மாதிரி சத்தமே வந்திருக்காது. அவரும் கையை நீட்டியிருக்க மாட்டார்."

உண்மைக்கு எதிராக ஆறுதல் சொன்னால் அவளிடம் பலிக்காது.

இரண்டு மணிக்கு மேல் பாய் திரும்பி வந்தார். வராமலே போய்விடுவாரோ என்று நான் நினைத்திருந்தேன். தேன்மொழி எழுந்து, "ஆக்சிஜன் இருக்கு பாய். ஓட்டிப் பாத்துடலாம்" என்றாள்.

"யாருக்கு மேடம் ஓட்டணும்?"

"நமக்குத்தான்."

மறுபடி எஞ்சின் எழுந்தது. சோப்புத் தண்ணியை மாற்றினார்கள். காற்று வால்வை மூடியதும், பாய் ஒரு கட்டுக்கம்பியை எடுத்து வந்து அதன் கைப்பிடியை நாலைந்து சுற்றுச் சுற்றி முறுக்கினார். யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார். பிறகு சக்கரத்தடியில் போய் நின்றார். தேன்மொழி திரைக்கு முன்னால். நான் மறுபடி போனைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டி மாற்றினார்கள். அவர் சக்கரத்தை லேசாக எதிர்ப்பக்கம் அசைத்தார், இழுத்தார். எஞ்சின் இறங்கியது. பல்புகள் மங்கின. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாய் சக்கரத்தை விடாமல் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சத்தம் தடுமாறி, தடுமாறி, ஒரு சீருக்கு வந்தது. பல்புகள் மெல்ல வெள்ளையாயின. அதற்கப்புறம் ஒரு சிணுங்கல் இல்லை. இரண்டு மணி நேரத்தைத் தாண்டி, ஆக்சிஜன் தீரும்வரை ஓடியது. நிறுத்தும்போது வெளியே வெயில் சாய்ந்திருந்தது.

"ஓடும்னு எனுக்கு தெரியும் மேடம்" என்றார் பாய். "கைக்குத்தான் தெரியல."

தேன்மொழி நரைத்த தலைக்காரருக்குப் போன் போட்டாள். அவர் ஊர் போய் இறங்கியிருந்தார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "ஓடிச்சு சார். ரெண்டு மணி நேரத்துக்கு மேலயே ஓடிச்சு. வீடியோ இருக்கு."

அந்தப் பக்கம் அதே மென்மையான குரல். "நம்புகிறேன் அம்மா. உண்மையாகவே சந்தோஷம். ஆனால் நான் கண்ணால் பார்த்ததைத்தான் எழுத முடியும்." அவர் நேர்மையானவர். நேர்மையானவர்மீது கோபப்படவும் வழியில்லை.

போனை வைத்ததும் பாய் கிட்டே வந்தார். "நா வேணா பேசட்டா மேடம் அவராண்ட? என் தப்புன்னு சொல்லிட்றேன். பேஜார் பண்ணது நானு. மேடம் மேல ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்."

"வேணாம் பாய்" என்றாள் தேன்மொழி.

நான் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். மத்தியானம் என்னிடம் சொன்னாளே, அந்த வாக்கியத்துக்காக. அவள் கணினியை மூடினாள், ஒயரைச் சுற்றினாள், விளக்கை அணைத்தாள். அது அவள் வாயில் வரவில்லை. களைப்போ, அழுகை வந்துவிடும் என்ற பயமோ தெரியாது. பாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பும்போது பஸ் பிடித்துப் பாரிமுனையில் இறங்கினேன். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் கடையில் ஒரு தட்டு வாங்கினேன். வருஷக்கணக்காகச் சாப்பிட ஆசைப்பட்டது. நன்றாக இருந்ததா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை, தட்டு காலியானதுதான் தெரியும். பிறகு சென்ட்ரல், இரவு ரயில்.

சொன்னபடி மாசக் கடைசியில் ஷெட்டைக் காலி செய்தார்கள். தொட்டிகளும் குழாய்களும் பிரித்து விற்றாயிற்று. எஞ்சினை ஒரு படகுக்காரர் வாங்கிக்கொண்டார். தேன்மொழி இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஜெனரேட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கை நிறையச் சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு. போனில் பேசினால் எஞ்சின் பற்றி அவளாக எடுக்கமாட்டாள், நானும் எடுப்பதில்லை. வைக்கும் நேரத்தில் மட்டும், "அன்னிக்கே அவர்கிட்ட சொல்லியிருக்கணும்டி" என்பாள். எதை என்று நான் கேட்பதில்லை.

அவள் முயலாமல் இல்லை. பாய் அவள் எண்ணைப் பார்த்தால் போனை எடுப்பதில்லை. ஒரு தடவை காசிமேட்டுக்கே தேடிப் போயிருக்கிறாள். இவளைத் தூரத்தில் பார்த்ததும் ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்குத் தாண்டி, அதற்கடுத்த படகுக்குத் தாண்டி மறைந்துவிட்டாராம். அவ்வளவு பெரிய மனுஷர், கடன்காரனைக் கண்ட மாதிரி. அன்றைக்குப் பல்புகளையே பார்த்துக்கொண்டு நின்றவருக்குச் சக்கரம் மாட்டியது தெரிந்திருக்காது, தன்னால்தான் அவளுடைய ஐந்து வருஷமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். எர்ணாவூரில் இந்த எஞ்சினைப் பார்க்க இனி முடியாது. ஆனால் அந்தப் பக்கம் போகக் காரணங்கள் நிறைய உண்டு. விம்கோ நகர் வரை மின்சார ரயில்தான் மலிவு, வெயில் தாங்காதவர்கள் மெட்ரோவில் போகலாம். ஆட்டோவில் பேரம் பேசியே ஏறுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையை டிரெய்லர்கள் ஓடும்போது நடந்து கடக்கவே வேண்டாம். துறைமுகப் பகுதியில் எதையும் படம் எடுக்காதீர்கள், கேள்வி வரும். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும், தொழிற்சாலைத் தெருக்களில் கடை கிடையாது.

காசிமேட்டுக்குப் போவதானால் விடிகாலையில் போங்கள், மீன் ஏலம் நடக்கும் நேரம். ராயபுரம் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ கிடைக்கும். நனைந்தாலும் கவலைப்படாத செருப்பாகப் போடுங்கள். ஏலம் முடிந்ததும் படகுகள் கட்டியிருக்கும் பக்கம் நடந்தால், எஞ்சின் பழுது பார்க்கிறவர்கள் வேலையைத் தொடங்கியிருப்பார்கள். அங்கே கரீம் பாய் என்று கேட்டால் யாராவது கைகாட்டுவார்கள். உங்களை அவருக்குத் தெரியாது, அதனால் ஓடமாட்டார். கேட்டுப் பேச்சுக் கொடுங்கள். எஞ்சினில் ஏதாவது சந்தேகம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லுவார். கிளம்புவதற்கு முன்னால் எனக்காக அவரிடம் ஒரு வார்த்தை: அன்னிக்குச் சக்கரம் மேடம் கையில மாட்டிக்கிச்சாம் பாய், உங்க தப்பு இல்லையாம், அவங்களே சொன்னாங்களாம்.